யார் மேல் வருவார்

என் புருஷன் செத்தபோது அவர் தலை இன்னொருத்தி மடியில் இருந்தது. தப்பாக எதுவும் இல்லை. சென்னையில் ஒரு பிராக்டிஸ் ரூமில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பக்கத்தில் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து தாங்கினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பதைக்கூட அவர் தொடவில்லை. அந்த நேரம் நான் திருத்தணியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தேன். அவள் ரொம்ப நல்ல பெண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் என் அத்தை மகன், எனக்குப் பாவா. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால்தான் அத்தை என்னைப் பெண் கேட்டு வந்தார். "இவன் போடுற சத்தத்துக்கு வேற எவளும் நிக்கமாட்டா" என்று என் அப்பாவிடம் நேராகவே சொன்னார். பாவா வாசித்தது ஹெவி மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார், கிடார்கள் உறுமும், அத்தனைக்கும் அடியில் டிரம்ஸ்காரர் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் வெறிபிடித்தவர்போல் அடிப்பார். திருத்தணியில் அத்தை வீட்டு மாடி ரூம் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிப்பார். அப்படியும் கீழே அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கும். மலைக்கு வந்துபோகிற சொந்தக்காரர்கள், "மேல இன்னாம்மா, மாவு மெஷினா?" என்று கேட்பார்கள். "ஆங், மெஷின்தான்" என்பேன்.

சத்தம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அவர் முகம்தான் பிரச்சினை. ஒருநாள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் எங்கேயோ போயிருந்தது, முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் பக்கத்தில் இருக்கும்போது அந்த முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்த டிரம்ஸ் ஒரு பெண்ணாக இருந்தால் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். தோலும் தகரமும் சேர்ந்த சாமானோடு என்ன சண்டை போடுவது? தூங்கும்போதும் அவர் கால்கள் இரண்டும் மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். என் காலை அதன்மேல் போட்டு அழுத்துவேன். கொஞ்சம் அடங்கும், திரும்ப ஆரம்பித்துவிடும்.

ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. காவடி எடுக்க வந்த சொந்தங்கள், மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. நான் அண்டா நிறையச் சாம்பார் கிளறிக்கொண்டிருப்பேன். இவர் பை தூக்கிக்கொண்டு பெங்களூர்க் கச்சேரிக்கு ரயில் ஏறப் போவார். "ஊரே இங்க வந்துகினு இருக்குது, நீங்க மட்டும் கிளம்பிப் போறீங்களே" என்று ஒரு வருஷம் கேட்டேவிட்டேன்.

"இங்க நான் இல்லன்னா ஒண்ணும் ஆவாது. அங்க நான் இல்லன்னா பாட்டே கிடையாது" என்றார்.

இங்கே நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. அன்று சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாவுக்கு அவர் ஆட்கள் கருப்பு டீ-சர்ட்டில் வேன் பிடித்து வந்தார்கள். தாடி வைத்த தடித்தடி ஆண்கள் குழந்தைபோல் அழுதார்கள். ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அண்ணன் ரயிலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்றான் ஒருவன். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்த கதையை ரசித்து ரசித்துச் சொல்வார் என்றான் இன்னொருவன். எனக்கு இரண்டும் புதுசு. அந்த பேஸ் கிடார் பெண் அத்தையைக் கட்டிக்கொண்டு, அவருக்கு எந்த ஊர் ஓட்டலில் எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதுவரை சொல்லிச் சொல்லி அழுதாள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் அவரில் ஒரு துண்டு இருந்தது. அவரை என் கண்ணெதிரில் பங்கு பிரித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. துக்கத்தைவிடப் பொறாமைதான் எனக்கு அதிகமாக இருந்தது, அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அடுத்த வருஷம் அவர் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு, வீட்டில் செத்தவரை நீர்க்கரைக்குப் போய் பம்பை மேளம் அடித்துக் கூப்பிடுவார்கள். பூவாடை என்று பெயர். செத்தவர் குடும்பத்தில் யாராவது ஒருவர் மேல் இறங்குவார், உத்தரவு கொடுப்பார். நான் கணக்கு டீச்சர், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரமுடியோடு கிணற்றங்கரையில் போய் நின்றேன். தாலி அறுத்தவள் முன்னால் நிற்கலாமா என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தாள். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் என் மேல் வரவேண்டும். ஊரெல்லாம் பங்கு போட்டுக்கொண்ட மனுஷன் இந்த ஒரு சாயங்காலமாவது என்னிடம் வரவேண்டும்.

பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, உடம்பில் ஏதாவது நடக்குமா என்று பார்த்தேன். கொசு கடித்ததுதான் மிச்சம். அடி வேகம் பிடித்தது. திடீரென்று பெண்கள் குலவை போட்டார்கள். கண்ணைத் திறந்தேன். கல்யாணத்துக்கு வந்து, வேடிக்கை பார்க்க ஓரமாக நின்ற அந்த பேஸ் கிடார் பெண் முடியை விரித்துப்போட்டுத் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் கச்சேரியில் ஆட்டுகிற அதே ஆட்டம். பம்பை அடி அவளைத் தன்னையறியாமல் ஆடவைத்திருக்கிறது, அவ்வளவுதான். அத்தைக்கு அது எங்கே தெரியும்?

"வந்துட்டான்! என் நைனா வந்துட்டான்!" பெற்ற மகனை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். ஓடிப்போய் அவள் கால்களைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். பம்பைக்காரர் கற்பூரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "தங்கச்சிக்குக் கண்ணாலம் வெச்சிகீறோம் நைனா, உத்தரவு குடுப்பா" என்று அத்தை கெஞ்சினார். அவள் அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

"பண்ணும்மா" என்றாள். பிறகு மெதுவாக, "சாப்ட்டியாம்மா?" என்றாள்.

அத்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் பாவா அத்தையிடம் கேட்கிற முதல் கேள்வி அது. கைக்கெட்டும் தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் கண் என்மேல் வந்து ஒரு கணம் நின்றது, கீழே போனது. விபூதி பூசினார்கள். மலையேறிவிட்டார் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் துண்டு கொடுக்கிற சாக்கில் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "சாரிக்கா. அம்மா அழறதப் பாத்து, நான் அவர் இல்லன்னு சொல்ல வாய் வரல."

"அது எனக்குத் தெரியும்" என்றேன். அவர் இல்லை, அவர் வரவும் மாட்டார் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஆத்திரம் தாங்கவில்லை. "அவங்ககிட்டப் பேசினியே, பக்கத்துலயே நான் நின்னேனே. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை பேசல?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேசலாம்னுதான் பார்த்தேன்க்கா. உங்கள அவர் என்னன்னு கூப்பிடுவார்னு எனக்குத் தெரியல. எல்லாக் கதையும் சொல்வார், அத மட்டும் எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. போன் வந்தாக்கூட வெளிய போய்த்தான் பேசுவார்."

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னன்னு கூப்பிடுவார்க்கா?" என்று கேட்டாள்.

அவளிடம் நான் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.