ஒன்றரை அக்கா தாங்கும் சைக்கிள்

அந்தத் தெருவில் பாரத்தை அளக்கத் தனியாக ஓர் அலகு உண்டு. அதன் பெயர் அக்கா. ரொட்டிக்காரர் தன் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால், "நம்ம வண்டி ஒரு அக்கா அலுங்காம தாங்கும்" என்பார். காய்கறி விற்பவளின் வண்டி ஒன்றேகால். தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டும் தன்னுடையது ஒன்றரை அக்கா என்று சொல்லிக்கொள்வார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அக்கா என்பது கேரியர் அண்ணனின் மனைவி. எடை அறுபத்தெட்டு கிலோ. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்தால் தொழில் நடக்காது.

கேரியர் அண்ணன் புது சைக்கிள் செய்பவர் அல்ல. வீட்டு மூலையில் சாய்ந்து கிடக்கிற சாதாரண சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்கள். அவர் சீட்டைப் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கி, கையை விடுவார். விழுகிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். எது கலகலக்கிறது, எது வாயைத் திறக்காமல் இருக்கிறது என்பதில் பாதி வேலை தெரிந்துவிடும். பிறகு பின்சக்கரத்துக் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டுத் தடித்த கம்பிகளாகக் கோர்ப்பார். இரும்புக் குழாயை வளைத்து நீளமான கேரியர், அதைத் தாங்க அச்சில் இறங்கும் இரண்டு முட்டுக்கால்கள், நிறுத்தினால் அசையாத இரட்டைக்கால் ஸ்டாண்டு, மேடு ஏறத் தோதாக முன்னால் ஒரு சின்னப் பல்சக்கரம். நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் அக்கா.

அக்காவின் தையல் மெஷின் பட்டறையை ஒட்டிய முன்னறையில் இருந்தது. வண்டிகளுக்கான கித்தான் பைகளும் பட்டைகளும் அவள் தைப்பவைதான். "வாம்மா, ஏறு" என்று குரல் வந்தால், நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்து வருவாள். கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். தெருமுனை வரை சமதளம், பிறகு பாலத்தின் ஏற்றம், உச்சியில் ஒரு திருப்பம், அப்புறம் இறக்கம். திரும்பி வந்து இறங்கும்போது அவள் தலையை ஆட்டினால் வண்டி தேறியது என்று அர்த்தம். இந்தச் சட்டத்தைப் போட்டதும் அவள்தான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், அவர் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவள் தைத்த துணிகளைக் கடைக்குக் கொண்டுபோகத் தானாகவே ஒரு கேரியர் பற்ற வைத்தார். அது நடுத்தெருவில் அவளோடும் துணியோடும் சேர்ந்து கழன்று விழுந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, இனி நான் உட்கார்ந்து பார்க்காமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டக் கூடாது என்றாள். அவர் மூட்டை தூக்குவதை விட்டார். அவள் உட்கார்வதை விடவில்லை.

அவள் தெருவுக்கே அக்கா, அவர் தெருவுக்கே அண்ணன். அப்படிப் பார்த்தால் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை என்று தண்ணீர் கேன்காரர் ஒருநாள் கேட்டுவைத்தார். "வண்டியும் பாரமும்னு வச்சுக்கங்க" என்றாள் அக்கா. யார் வண்டி, யார் பாரம் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சலவைக்கடைக்காரி தன் அம்மாவின் பழைய சைக்கிளோடு வந்தாள். நடுக்கம்பி இல்லாத, வளைந்து இறங்குகிற சைக்கிள். பின்கட்டில் இரண்டு சலவை மெஷின்களை வைத்துக்கொண்டு, அம்மாவும் மகளுமாகத் தொழில் நடத்துகிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதியின் நாற்பது கனத்த கட்டில் விரிப்புகளும் புதிதாக அவள் கைக்கு வந்திருந்தன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்குள், வெள்ளை வெளேரென்று போய்ச் சேர வேண்டும். இந்த வேலை நிலைத்தால் மூன்றாவது மெஷின் வாங்கலாம் என்று அவள் சொன்னபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னாள், மெஷின்களின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

நாலு நாளில் வண்டி முடிந்தது. ஐந்தாம் நாள் அக்கா உட்கார்ந்தாள். பாலம் ஏறி இறங்கினார்கள். அக்கா தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குச் சலவைக்கடைக்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. கேரியரில் சேறு அப்பிய விரிப்புகள். பாலத்தின் உச்சியில் திரும்பி இறங்குகிற இடத்தில் ஹேண்டில் தானாக ஆட ஆரம்பித்ததாம். பிடிக்கப் பிடிக்க இன்னும் ஆடியதாம். விடுதியின் மேற்பார்வையாளர் அம்மாள் சத்தம் போடவில்லை. சேற்றில் கிடந்த விரிப்பு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையும் இப்படி என்றால் அதோடு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேரியர் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு நட்டுகூடத் தளரவில்லை.

"அக்கா உக்காந்து பாத்த வண்டி இது. நீ மூட்டைய ஒருபக்கமா கட்டியிருப்ப."

சலவைக்கடைக்காரி சேறு படாத விரிப்பு ஒன்றின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே நின்றாள். முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

அக்கா வெளியே வந்து, வெள்ளிக்கிழமை காலையில் கட்டிய மாதிரியே மூட்டையை மறுபடி கட்டச் சொன்னாள். அந்தப் பெண் கட்டினாள். கயிறு நாலு பக்கமும் ஒரே இறுக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத கட்டு. "இப்ப நீங்க ஓட்டுங்க" என்றாள் கணவரிடம்.

அவர் ஓட்டினார். தெருமுனை தாண்டும்வரை ஒன்றுமில்லை. பாலத்து ஏற்றத்தில் முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போனது. இறக்கத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாக ஆட, காலை ஊன்றி நிறுத்தினார். மூட்டை ஐம்பத்திரண்டு கிலோ. அக்காவைவிடப் பதினாறு கிலோ குறைவு. அதே வண்டி, அதே பாலம். வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தவருக்கு, தன் சொந்த வீட்டில் தெரியாத ஓர் அறை இருப்பதைக் கண்டுபிடித்தவனின் முகம்.

"கனம் குறைஞ்சா ஆடுது. இது என்ன கூத்து?"

அக்கா சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"நான் உங்க பின்னாடி சும்மாவா உக்காந்திருக்கேன்? ஏத்தத்துல முதுகோட ஒட்டி முன்னால அழுத்தறேன். திருப்பத்துல நீங்க எந்தப் பக்கம் சாயறீங்களோ அந்தப் பக்கம் சாயறேன். இறக்கத்துல மூச்சக்கூட விடறதில்ல."

"இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. உக்காருன்னீங்க, உக்காந்தேன்."

அவர் விடவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, அரிசி மூட்டை மாதிரி உட்கார், ஒன்றும் செய்யாதே என்றார். அக்காவும் முடிந்தவரை மூட்டையாக இருந்து பார்த்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் முதல் திருப்பத்திலேயே உடம்பு தானாகச் சாய்ந்தது. இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை அவள் சாயாமல் இருக்கப் பாடுபட்டதில் இருவரும் சேர்ந்து காய்கறிக்காரியின் கூடைமேல் ஏறப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஒரு காலை நேரத்தில் இறக்கி வைக்க முடியவில்லை.

கூடைக்கு வந்த ஆபத்தை விசாரிக்கக் காய்கறிக்காரி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், தன் வண்டியும் முதலில் அப்படித்தான் ஆடியது, முன்கூடையில் பெரிய பூசணி ஒன்றைப் போட்டு ஓட்டுகிறேன், அதை மட்டும் விற்பதில்லை என்றாள். கேரியர் அண்ணன் ரொட்டிக்காரரைப் பிடித்தார். அவர் வண்டியின் முன்னால் துணி சுற்றிய ஒரு கருங்கல் இருந்தது. ராசிக்கு வைத்திருக்கிறார் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்த கல்.

"சொல்லியிருக்கலாமேய்யா" என்றார் கேரியர் அண்ணன்.

"எப்படிண்ணே சொல்றது? அக்காவே உக்காந்து பாத்த வண்டி. வண்டியக் குறை சொன்னா அவங்க உக்காந்ததக் குறை சொன்ன மாதிரி ஆயிடாதா?"

அன்று மதியம் அவர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சலவைக்கடைக்குப் போனார். மெஷின் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"உன் கட்டு சரிதாம்மா. என் வண்டிதான் தப்பு. திங்கட்கிழமைக்குள்ள வேற மாதிரி பண்ணித் தர்றேன்."

கேரியர் பின்னால் நீண்டு போயிருந்ததால் பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் விழுந்தது, உயரமாகவும் இருந்தது. அக்கா ஒட்டி உட்கார்ந்ததில் அது தெரியாமல் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை கேரியரை ஒரு முழம் அறுத்தெடுத்தார். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பை உட்காரத் தாழ்ந்த சட்டங்களைப் பற்ற வைத்தார். பாரம் அச்சுக்கு முன்னாலேயே இறங்கி நின்றது. நடுக்கம்பி இல்லாத உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கீழே ஒரு குழாய் கொடுத்தார். அக்கா இரண்டு பெரிய கித்தான் பைகளை வெட்டினாள். வெள்ளை விரிப்பு தரைக்கு இவ்வளவு பக்கத்தில் போகிறதே என்று உள்ளே ரப்பர் துணி வைத்துத் தைத்தாள். மாட்டிப் பார்த்தால், மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தது. அவர் சட்டத்தைப் பின்னால் தள்ளலாமா என்றார்.

"மறுபடியும் பின்னாலயா?" என்று கேட்டுவிட்டு, அக்கா பையின் முன்மூலையைச் சாய்வாக வெட்டித் தைத்தாள். குதிகால் காற்றில் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. வழக்கம்போல அவர் ஹேண்டிலில் கை வைத்தார். அக்கா அந்தக் கையை எடுத்துவிட்டாள். ஓட்டப்போவது அந்தப் பெண்ணா, நீங்களா என்று கேட்டாள். பைகளில் ஐம்பத்திரண்டு கிலோ ஈர மணலை நிரப்பினார்கள். மணல் யார் பக்கமும் சாயாது. சலவைக்கடைக்காரி ஏறினாள். சிராய்ப்பு காயாத முழங்கையோடு பாலத்தை நோக்கிப் போனாள்.

தான் செய்த வண்டி தான் இல்லாமல் முதல் தடவை பாலம் ஏறுவதை அவர் நின்று பார்த்தார். நிற்பது ஓட்டுவதைவிடக் களைப்பாக இருந்தது. அருகில் அக்கா நின்றாள். பாலத்தின் உச்சியில் அந்தப் பெண் திரும்பியபோது, இருவரும் சொல்லி வைத்ததுபோல ஒரே பக்கம் சாய்ந்தார்கள். ரொட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்தவள் இறங்கவில்லை. இன்னொரு தடவை போய் வருகிறேன் என்றாள். மூன்று தடவை போய் வந்தாள்.

திங்கட்கிழமை அவர் ஆறு மணிக்கே பட்டறையைத் திறந்துவிட்டார். ஒரு பழைய சக்கரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நேராக இருந்த கம்பிகளையே திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தார். ஆறரைக்குச் சலவைக்கடைக்காரி வெள்ளை மடிப்புகள் அடுக்கிய பைகளோடு தெருவைக் கடந்து போனாள். இரண்டு கையும் ஹேண்டிலில் இறுகியிருந்தன. யாரையும் பார்க்கவில்லை. ஏழு அடித்தது. ஏழரை. விழுந்திருந்தால் இந்நேரம் வந்திருப்பாள் என்றாள் அக்கா, ஜன்னலுக்கு உள்ளே இருந்து. அவர் காதில் விழாத மாதிரி இன்னொரு கம்பியை முறுக்கினார்.

எட்டுக்குச் சற்று முன்னால் பாலத்து உச்சியில் வண்டி தெரிந்தது. பைகள் புடைத்திருந்தன. பயன்படுத்திய, கசங்கிய விரிப்புகள், அடுத்த தடவை வெளுத்துக் கொண்டுபோக வேண்டியவை. அவற்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் பிறகு சொல்ல என்ன இருக்கிறது. வெள்ளிக்கிழமை விழுந்த அதே திருப்பத்தில் அவள் ஒரு கையை எடுத்து, நெற்றி முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிய கையை அப்படியே உயர்த்திப் பட்டறைப் பக்கம் ஆட்டினாள். முன்சக்கரம் கோடு போட்டதுபோல வந்தது.

"ரெண்டு கையாலயும் பிடி" என்று அவர் அதட்டினார்.

"எதுக்குண்ணே" என்று கேட்டுக்கொண்டே அவள் நிற்காமல் போனாள். நாற்பது விரிப்பு அலச வேண்டும், நின்று பேச நேரமில்லை.

அவர் கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தார். அடுத்து அறுக்க வேண்டிய கேரியர் எது என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய், வாசலில் ரொட்டிகளோடு நின்ற வண்டியின் முன்கூடையிலிருந்து, கேட்காமல் கொள்ளாமல், கருங்கல்லை வெளியே எடுத்தார்.