கழற்றி வைத்த வளையல்

சீனாவோடு சண்டை நடந்தபோது மைசூரில் எங்கள் ரயில்வே காலனியில் ஒரு கார்டின் மனைவி இருந்தார். நெடுநெடுவென்று இருப்பார். ரேடியோவில் செய்தி முடிந்ததும் மோர்க்குடத்தோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். காயத்தோடு ஊர் திரும்பும் சிப்பாய்களுக்கு மோர் ஊற்றி, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவார். ரேடியோ சொன்னதும் அவர்கள் சொன்னதும் வேறு வேறாக இருக்கும்.

ஒருநாள் யுத்த நிதிக்கு நகை வாங்க அதிகாரி ஒருவர் காலனிக்கு வந்தார். "எல்லா இடத்துலயும் நம்ம படைதான் முன்னேறுது," என்றார். எல்லோரும் கைதட்டினோம். அந்த அம்மாள் தட்டவில்லை. விறுவிறுவென்று அதிகாரியின் மேசைக்குப் போனார். சண்டை பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கையில் இறுகிக் கிடந்த தங்க வளையல்களைத் தோல் சிராய்க்க இழுத்துக் கழற்றி வைத்தார்.

"நாம தோத்துட்டு இருக்கோம் சார். அதைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அப்பவும் கொடுத்திருப்பேன்."

அதிகாரி குனிந்தபடியே ரசீது எழுதினார்.

மறுநாளும் மோர்க்குடத்தோடு போனார். கையில் கண்ணாடி வளையல். அரசாங்கம் சொல்வதை நம்பாமல் இருப்பது பின்னாளில் எனக்கும் பழகிவிட்டது. நம்பாமலே கொடுத்த அந்தக் கையை நினைத்தால்தான் இன்றும் மலைப்பாக இருக்கிறது.