கருப்பு நாய் கேட்ட டிரெய்லர்

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேய்த்துவந்த ஷாம்பூவை மாற்றுவது என்று இன்று காலை தீர்மானித்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல.

புது ஷாம்பூ வாங்கப் போன ராஜபாளையம் கடைவீதிக் கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். "அண்ணாச்சி, தலைக்குப் போடுற டை எதுல போகும்?"

கடைக்காரர் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார். "யாருக்குண்ணே?"

"நாய்க்கு."

போன வாரம் சோழபுரத்தில் ஒரு பேய்ப்பட டிரெய்லருக்கு இவருடைய நாயைக் கேட்டார்களாம். நம் ஊர்ப் பெயரையே கொண்ட ராஜபாளையம் ஜாதி நாய், பால் வெள்ளை. பேய் வெள்ளைச் சேலையில் வருவதால், நாய் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று டைரக்டர் சொல்லி, அதற்கு டை அடிக்க வைத்துவிட்டார். இரண்டும் வெள்ளை என்றால் மக்கள் எதைப் பார்த்துப் பயப்படுவது?

"குளிப்பாட்டுனா போயிரும்னாங்க. எம்புட்டு தேச்சும் போகல. நாளைக்கு ஜோடி சேக்க தளவாய்புரத்துல இருந்து பொட்டையக் கூட்டிட்டு வாராக. பாத்தா கலப்புன்னுருவாக."

கடைக்காரர் செல்போனில் டிரெய்லரைத் தேடி ஓடவிட்டார். கதவு தானாகத் திறந்தது. ஊஞ்சல் தானாக ஆடியது. கொலுசுச் சத்தம். 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்து வந்தது. பிறகு கும்மிருட்டில் இரண்டு கண்கள்.

"அந்தா, அது எங்க மணி!"

"உடம்ப எங்கண்ணே காணோம்?"

"இருட்டுக்குள்ள நிக்கி."

கடைக்காரர் செல்போனை அணைத்தார். "டை போகாதுண்ணே. பழைய முடி கொட்டிப் புதுசு மொளைக்கணும்."

நாய்க்காரர் அங்கிருந்தே தளவாய்புரத்துக்குப் போன் போட்டு, ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டார்.

பொட்டைக்குப் பருவம் இந்த வாரத்தோடு முடிகிறது. சேத்தூரில் வேறு நாய் பார்த்துக்கொள்வார்களாம்.