நாமினி: அக்கா

சொந்த வண்டி என்று ஒன்று தன் பேருக்கு வந்தபோது வேன்காரருக்கு ஐம்பத்தாறு வயது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் மரச்சாமான் கிடங்கு முதலாளியின் வேனைத்தான் ஓட்டினார். ஊரில் பாதி வீடுகளின் கட்டிலும் பீரோவும் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து இறங்கியவைதான். அவர் குடியிருந்த அறையில் மட்டும் ஒரு மடக்குக் கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொரு நாற்காலி வாங்கினால் அதில் யாரை உட்கார வைப்பது?

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"இனிமே கம்பெனி வண்டி கிடையாதுன்னு பையன் முடிவு பண்ணிட்டான். ஓட்டறவங்க பேர்லயே வண்டி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கணுமாம். இந்த வேனை நீங்களே எடுத்துக்குங்க. ஒரு மாசத்துல பேப்பரை எல்லாம் முடிச்சுட்டு வாங்க."

வேன்காரர் அலைந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. கடைசி வரிவரை அவர் தடுமாறாமல் படித்ததும் டாக்டர், "இந்த வயசுல கழுகுக் கண்ணு உங்களுக்கு" என்றார்.

"ரோட்டைத் தவிர வேற எதையும் பாத்ததில்லைங்களே, தேயறதுக்கு."

பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்த அன்று, வண்டியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தார். தன் பேர், அப்பா பேர், வண்டி எண். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. போக்குவரத்து அலுவலகக் காவலாளியிடம் காட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்ல, சந்தோஷப்படுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கவுன்ட்டர் பெண் மளமளவென்று படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"நாமினி யாருங்க?"

"எதுக்கும்மா?"

"வண்டிச் சொந்தக்காரரே ஓட்டறதால உங்க உயிருக்கும் சேத்துத்தான் இன்ஷூரன்ஸ். ஏதாவது ஆயிட்டா பணம் யாருக்குப் போகணும்?"

"யாருமில்ல. விட்டுடும்மா."

"விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதுங்க. மனைவி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, யாராவது. பேரும் பிறந்த தேதியும் கேட்டுட்டு நாளைக்கு வாங்க."

கிடங்கில் விஷயம் பரவியது. சுமை தூக்குகிறவர், "என் பேரை எழுதுண்ணே. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேன்காரரும் சிரித்தார். சாயங்காலம் அவரவர் வீட்டுக்குக் கலைந்தபின் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். சிரிப்பு எப்போதோ வடிந்திருந்தது.

கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். அக்கா. அம்மா கண்மூடியபோது அவர் இரண்டு நாள் தூரத்தில், லோடோடு இருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் நின்றவரைப் பார்த்து அக்கா, "போ, வண்டியையே கட்டிக்கிட்டு அழு" என்றாள். அதோடு சரி. பதினோரு வருஷம்.

எண்ணை அழுத்தினார். ஒரு இளம் குரல் எடுத்தது. அக்கா மகள்.

"அம்மாகிட்ட, மாமா பேசறேன்னு சொல்லும்மா."

"எந்த மாமா?"

அவள் தொட்டிலில் கிடந்தபோது தூக்கியிருக்கிறார். அதை இப்போது போனில் எப்படிச் சொல்வது? அதற்குள் போன் கை மாறியது. அக்காவின் மூச்சு கேட்டது.

"என்ன?"

"உன் பிறந்த தேதி வேணும்க்கா. இன்ஷூரன்ஸுக்கு."

காரணத்தைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"உன் சாவுக் காசு எனக்கெதுக்குடா?"

"காசுக்கு இல்லக்கா. கட்டம் ஒண்ணு காலியாக் கிடக்கு. அதுல எழுத எனக்கு வேற பேரு தெரியல."

அக்கா ஒரு தேதியைச் சொன்னாள். "அது பள்ளிக்கூடத்துல அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்ன தேதி. பரவாயில்லையா?"

"பரவாயில்லக்கா."

"பாத்து ஓட்டு." வைத்துவிட்டாள். வா என்று சொல்லவில்லை.

மறுநாள் கட்டம் நிரம்பியது. வேன்காரர் தன் வண்டியில் தானே முதலாளியாக லோடு அடித்தார். வேலை அதேதான். முன்பு பழுது என்றால் திட்டவாவது முதலாளி இருந்தார், இப்போது அதுவும் இல்லை.

வருஷம் திரும்பியது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நாளை அவர் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அதே பெண், இரண்டு நிமிஷத்தில் ரசீதை நீட்டினாள்.

"நாமினி விவரம் கேக்கலையேம்மா?"

"போன வருஷத்துது அப்படியே இருக்குங்க. மாத்தணுமா?"

"மாத்த வேணாம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லட்டுமா?"

"தேவையே இல்லைங்க."

வெளியே வந்து வண்டி நிழலில் நின்றார். முகம் தொங்கிவிட்டது. சற்று நேரம் சாலையைப் பார்த்துவிட்டு, எண்ணை அழுத்தினார். அக்காவே எடுத்தாள்.

"அக்கா, நாமினியோட அட்ரஸை ஒரு தடவை சரிபாக்கணுமாம்."

வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்கள் குறைவு. இது அதில் ஒன்று என்று அக்காவுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் கதவு எண்ணிலிருந்து தொடங்கி நிதானமாகச் சொன்னாள். தெரு சொன்னாள். எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும் என்றாள். நீலக் கதவு என்றாள். கடைசியில், "சந்து குறுகல். சின்ன வண்டின்னா உள்ள வரும்" என்றாள்.

அதையெல்லாம் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கேட்பதில்லை. வேன்காரர் ஒன்றுவிடாமல் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

இன்னும் போகவில்லை. வெறும் வண்டியோடு ஒரு வீட்டு வாசலில் போய் நின்று அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கமாக ஒரு லோடு வரட்டும் என்று காத்திருக்கிறார்.