பிற்பகலில் விலகிய கோடு

அளவீட்டுக்கூடத்தில் எல்லோரும் அவளை விநாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிர்வெண் தரக்கருவி இருந்த உள்ளறை அவள் பொறுப்பு. விநாடிக்கு இத்தனை துடிப்பு என்று பிசகாமல் துடிக்கும் அந்தப் பெட்டியை வைத்துத்தான் வெளியிலிருந்து வரும் கருவிகளைச் சரிபார்ப்பார்கள். நோஞ்சான் பிள்ளை மாதிரி அதற்குச் சூடு குளிர் ஆகாது. அரை டிகிரி ஏறினாலும் துடிப்பு நூலிழை தப்பும். அதனால் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசி ஓய்வதும் கிடையாது.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் காலை வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டான். பயணிகள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த மாமியார் படுத்த படுக்கையானாள். அவளுக்கு ஒரு வாய் ஊட்டி, தேற்றி உட்கார வைப்பதிலேயே மருமகளின் பொழுது போயிற்று. தானும் சேர்ந்து உட்கார்ந்து அழுதால் வீடு என்னாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார், "கல்லு மாதிரி இருக்கா பாருங்க" என்று சொன்னது சமையலறை வரை கேட்டது.

அழுவதற்கு அவளுக்குக் கிடைத்த இடம் அந்த உள்ளறைதான். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், பெட்டி இருந்த ரேக்குக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு முதுகைச் சாய்த்துக்கொள்வாள். ஏசி இரைச்சலில் விசும்பல் வெளியே கேட்காது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

பெட்டியின் துடிப்பைச் செயற்கைக்கோள் அனுப்பும் நேரத்தோடு ஒப்பிட்டுத் திரையில் கோடாகக் காட்டுவார்கள். நேராகப் போக வேண்டிய அந்தக் கோடு தினமும் பிற்பகலில் மெல்ல விலக ஆரம்பித்தது. சுவரில் இருந்த வெப்பமானியோ இம்மியும் அசையவில்லை. பழி ஏசி மெக்கானிக் தலையில் விழுந்தது. மனுஷன் ஏணியும் கையுமாக அலைந்தார். வடிகட்டியைக் கழுவினார், கதவிடுக்கை அடைத்தார், மேற்குச் சுவர் வெயிலில் காய்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு நேரம் தவறாம கோவிச்சுக்க மாட்டா" என்றார். விநாடியக்கா ஏணியைப் பிடித்தபடி சிரித்தாள். அவருடைய ஒப்பந்தத்தையே ரத்து செய்யப் போவதாக மேலதிகாரியம்மா சொல்லிவிட்டார்.

மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப்போக அவள் ஒரு நாள் லீவு எடுத்தாள். மறுநாள் வந்து பார்த்தால், அவள் இல்லாத அந்தப் பிற்பகல் மட்டும் கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி கிடந்தது. ரேக்கின் பின்பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தாள். பெட்டியின் சூடு வெளியேறும் துளைகள் சரியாக அவள் முதுகு சாயும் உயரத்தில் இருந்தன. அடைபட்ட சூடும் அவள் உடம்புச் சூடும் உள்ளே இறங்க நேரம் பிடித்திருக்கிறது. அவள் எழுந்து போன பிறகே கோடு விலகியதால் அவளுக்கே சந்தேகம் வரவில்லை.

நேரே மேலதிகாரி அறைக்குப் போனாள். மெக்கானிக்கும் அங்கே நின்றிருந்தார்.

"ஏசி மேல தப்பில்ல மேடம். மத்தியானம் நான்தான் ரேக்குக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன்."

"அங்க போய் எதுக்கு உக்காரணும்?"

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி, "விடுங்க மேடம்" என்றார்.

மேலதிகாரியும் விட்டுவிட்டார், திட்டக்கூட இல்லை. ஆனால் இனி உள்ளறைக்குத் தனியாக யாரும் போகக்கூடாது என்று உத்தரவானது. கோடு நேரானது, மெக்கானிக்கின் பிழைப்பும் தப்பியது. அவளுக்குத்தான் மதியத்தில் போக இடமில்லை.

கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தாள். ஒரு சாயங்காலம் மாமியாருக்குப் போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது, தூங்கும் அந்த முகத்தில் அவன் ஜாடை அப்படியே தெரிந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள்.

மாமியார் விழித்து, எழுந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மருமகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை நாள் இதையெல்லாம் எங்கடி வச்சிருந்த?" என்றாள்.

"ஆபீஸ்ல" என்றாள் மருமகள்.

மாமியார் கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். அன்றைக்கு இருவரும் சாப்பிடாமலே படுத்தார்கள்.