கையா, கரண்டியா

எனக்குக் கோவையாக எழுத வராது. ஒன்றைத் தொடங்கினால் வேறெங்கோ போய் நிற்பேன். பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று கிள்ளானில் மகள் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தேன். கடையில் வாங்கிய தோசை மாவுப் பொட்டலம் பந்து மாதிரி உப்பிக் கிடந்தது. ஓரத்தைக் கத்தரித்ததும் புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. யார் கையும் படாத மாவு. என்ன திமிர் அதற்கு!

மாவிடம் எதற்குக் கோபம் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் மாவு பொங்குவதே என் கையால்தான் என்று நம்பியிருந்தவள் நான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார், "அக்கா, உப்புப் போட்டாச்சு, வந்து கை வச்சுட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு போவேன். வேறு எதற்கும் என்னை யாரும் தேடியதில்லை.

அப்போது ஓர் இடைநிலைப்பள்ளி கண்டீனில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். முதல் படிவத்துக்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, அறிவியல் எடுத்த டீச்சர் புத்தகத்தை மூடச் சொல்லி, இன்று சாப்பிட்டதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு விடையை நீங்களே கண்டுபிடியுங்கள் என்றாராம். சுபா என்ற வாயாடிப் பெண் நேரே என்னிடம் வந்தாள்.

"ஆன்டி, தோசை மாவு ஏன் பொங்குது?"

"என் கைராசிம்மா."

"எப்படித் தெரியும்? கரண்டியால கலக்கிப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பார்த்தால் ராசி என்னாவது?

மறுநாள் வகுப்புக்கே கூட்டிப்போனார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் முதல் படிவத்துக்குள் நுழைந்தது அன்றுதான், அதுவும் ஏப்ரனோடு, வெங்காய வாடையோடு. தாமதமாக வந்த பிள்ளை மாதிரி கதவோரம் நின்றேன். விடியற்காலை நான் அரைத்த மாவை மூன்று கிண்ணங்களில் எடுத்தார்கள். ஒன்றை நான் கையால் கலக்கினேன், ஒன்றை வெய் என்ற சீனப் பையன் கையால், மற்றதைக் கரண்டியால். மூன்றையும் பாட்டில்களில் ஊற்றி, மாவு நின்ற மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டினார்கள்.

பள்ளி விடும்போது போய்ப் பார்த்தால் வெய்யின் மாவு பாட்டில் கழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கரண்டி மாவு பாதி தூரம். என் மாவு வளையத்தைத் தாண்டியது என்று வேண்டுமானால் நானே சொல்லிக்கொள்ளலாம்.

"ஆன்டி! மை ஹேண்ட் மெஜிக் லா!" என்று குதித்தான் வெய். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், முகம்தான் கூட வரவில்லை.

சுபா விடவில்லை. "டீச்சர், ஆன்டி பாட்டில் ஏர்கோன் கீழ, குளிர்ல இருந்துச்சு. வெய் பாட்டில் ஜன்னல் வெயில்ல. இது ஃபேர் இல்ல லா!"

டீச்சர், "அப்போ என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து மறுபடி செய்யலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். எனக்காக யாரோ வாதாடியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் முறையும் கலக்கிக் கொடுத்தேன். பார்க்கத்தான் போகவில்லை. சாயங்காலம் சுபா கண்டீனுக்கு ஓடி வந்தாள். "ஆன்டி, ரிசல்ட்!"

"கூட்டமா இருக்கும்மா, அப்புறம் சொல்லு" என்றேன். எனக்கு முன்னால் ஒரு பூனை மட்டும்தான் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் கையை நீட்டத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இப்போது அந்தக் கண்டீன் இல்லை. அடுக்குமாடியும் இல்லை. வந்து கை வைத்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிடவும் ஆளில்லை.

எழுதியதில் பிழை இருக்கும். ஜன்னலோரம் இருந்தது வெய் பாட்டிலா, கரண்டி பாட்டிலா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். அந்த வகுப்பில் படித்த யாராவது இதைப் பார்த்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே, இரண்டாம் முறை என்ன ஆனது என்பதையும். இப்போது கூட்டமில்லை.