உபெர்லிண்டாவின் சிவப்புத் துணி

காற்றே இல்லாத நாளில் அவ்வளவு பெரிய அலை எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டு உபெர்லிண்டா என்னிடம் கேட்டாள். "நீ பள்ளிக்கூடம் முடிச்சவன்தானே தம்பி, சொல்லு. தீக்குச்சி பத்த வச்சாக்கூட அணையாது, அப்படி ஒரு நாள்."

எங்கள் கரையில் கோடை என்றால் கொச்சாயூயோ அறுப்புதான். பாறையைக் கவ்விக்கொண்டு கடலில் நீளநீளமாய் அலையும், சமைத்துச் சாப்பிடும் பாசி அது. ஒருவர் வெளிப்பாறையில் நின்று அறுப்பார். இன்னொருவர் கரைமேட்டில் உட்கார்ந்து கடலையே பார்ப்பார். பெரிய அலை வந்தால் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் துணிதான் பேச்சு. சிவப்புத் துணி உயர்ந்தால், 'பாறையைப் பிடித்துக்கொள், நகராதே.' துணி தெரியவில்லை என்றால், 'பயமில்லை, நீந்தி வா.'

உபெர்லிண்டாவின் கணவன் எலிசேயோ அறுப்பான், அவள் பார்ப்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான்.

அன்று கடல் தூங்கியது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும், நடுவில் சற்று ஓயும், அது வழக்கம். அன்றைய ஓய்வு மட்டும் நீண்டுகொண்டே போனது. இரைச்சல் இல்லாததால் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"கிழவி, சும்மா உக்காந்து பாறையைத் தேய்க்காம எறங்கி வந்து கட்டு கட்டேன்."

"யோவ், கண்ணு கடல்லயே இருக்கணும்னு நீதான சொல்லுவ."

"எந்தக் கடல்ல? இந்தக் குட்டையிலயா?"

அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். கரையில் ஒதுங்கிய பாசியைச் சுருட்டிக் கட்டினாள். கடைசிக் கட்டுக்குக் கயிறு போதவில்லை. கழுத்திலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து அதில் இறுக்கி முடிந்தாள்.

நிமிர்ந்தபோது தொடுவானத்தில் கறுப்பாய் ஒரு கோடு. அதன் பின்னால் இன்னொன்று.

முதல் அலை பாறையை மூடியது. நுரை வடிந்ததும் எலிசேயோ தெரிந்தான். பாசியின் அடியைக் கட்டிப்பிடித்தபடி கரையைப் பார்த்தான். அடுத்தது இன்னும் பெரிதென்று மேட்டுக்கு ஓடியவளுக்குத் தெரிந்தது, கீழே கிடந்தவனுக்குத் தெரியாது. துணியோ முடிச்சில் இருந்தது. திரும்ப ஓடிவந்து கட்டைப் பிய்த்தாள். ஈர முடிச்சு அவிழவில்லை. கத்தி அவனிடம். பல்லால் கடித்தாள், உதடு கிழிந்தது. "வராதே, வராதே" என்று கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

அவன் பார்த்தான். துணி இல்லை. பிடியை விட்டுவிட்டுக் குதித்தான்.

இரண்டாவது அலை வந்தது. திரும்பி வடிந்த தண்ணீர் அவனை வெளியே இழுத்துப் போனது. அங்கே ஒவ்வொரு அலையும் அவனைத் தூக்கிக் காட்டியது, இறக்கி மறைத்தது. கரைப் பக்கம் ஒரு முழம்கூடக் கொண்டுவரவில்லை. படகு இறக்க வந்த ஆண்களைக் கடல் திருப்பி எறிந்தது. துணி கையில் வந்தபோது அதை யாருக்குக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை தூக்கிய அலையில் அவன் இல்லை.

பதிலைப் பிறகுதான் தேடிப் படித்தேன். கண்ணுக்கெட்டாத தென்கடலில் புயல் தண்ணீரை அடிக்கிறது. புயல் அங்கேயே ஓய்ந்தாலும் அலை பயணத்தை விடுவதில்லை. ஆழத்தில் அது தண்ணீரைச் சுமந்து வருவதில்லை, ஆட்டத்தை மட்டும் கடத்துகிறது. ஆழம் குறைந்ததும் அடிப்பக்கம் தரையில் தடுமாற, மேல்பக்கம் எழும்பிக் கவிழ்கிறது. தொலைவிலிருந்து வரும் அலைக் கூட்டங்களுக்கு நடுவே ஓய்வும் நீளம்.

சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப அந்த அமைதிதான் தகவலா?"

இப்போதும் யார் அறுத்தாலும் மேட்டில் அவள்தான். அந்தத் துணியால் கண்ணைக்கூடத் துடைப்பதில்லை. அதற்குச் சட்டைக் கை இருக்கிறது.

கடலோரம் போகும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். கடல் வழக்கத்தைவிட அதிக நேரம் அமைதியாக இருந்தால், அதற்கு முதுகைக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.